தண்ணீருக்குத் தெரியாமல் போட்ட மாத்திரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடவும், மளிகைச் சாமான் எழுதவும்தான். முன்னது பின்னதாக வரும், சில இடத்தில் மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் என் மருமகள் ஒரு செம்பு பாட்டில் வாங்கி வந்தாள். சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிவதற்குள் தண்ணீருக்கு உயிர் வந்துவிடுமாம். தண்ணீரைப் பற்றி விஞ்ஞானம் இதுவரை சொன்னது தப்பு, உடம்பைப் பற்றிச் சொன்னதும் தப்பு, எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்று அவள் போனில் ஒருவர் பேசுகிறார். எங்கள் தெருவில் இதையெல்லாம் எண்பதுகளின் கடைசியிலேயே யோசித்து முடித்துவிட்டோம். யோசித்ததில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருப்பார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் சேலையூர் தாண்டி, மாடம்பாக்கம் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் இருந்தோம். வீடுகள் முளைத்த வேகத்துக்கு அங்கே தண்ணீர் வரவில்லை. தெருமுனையில் ஒரு அடிபம்பு. பங்குனி பிறந்தால் அது இருமத் தொடங்கும், சித்திரையில் பேச்சு மூச்சு இருக்காது. அப்புறம் லாரிதான். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வந்த உடனே அத்தனை பிளாஸ்டிக் குடங்களும் எங்கிருந்தோ ஓடி வந்து நிற்கும்.

என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் ஆபீஸ் வேலை. தாம்பரத்தில் எலக்ட்ரிக் ரயில் ஏறிப் போய் வருவார். பிரஷர் இருந்தது. அந்த வருஷம் காலும் வீங்க ஆரம்பித்தது. மார்க்கெட் பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, இருதயம் கொஞ்சம் களைத்துவிட்டது, உடம்பில் நீர் தேங்குகிறது என்றார். பிரஷருக்கு ஒரு மாத்திரை, தேங்குகிற நீர் சிறுநீராகப் போவதற்கு ஒரு மாத்திரை, உப்பைக் குறை, தண்ணீரையும் அளந்து குடி என்று அனுப்பினார். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டார். கால் வடிந்தது, செருப்பு வார் பழைய துளைக்குத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு மாடிக்கு ஒரு சார் குடிவந்தார். ஏதோ ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். சம்பளம் வாங்கின காலம் வரைக்கும் தண்ணீரைப் பற்றிப் பையன்களுக்கு என்னென்ன சொன்னாரோ, அதையெல்லாம் பென்ஷன் வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் இந்திப் புராணத் தொடர் முடிந்த கையோடு, தெருவிலுள்ள ஆம்பிளைகள் நாலைந்து பேர் ஆளுக்கொரு சொம்போடு அவர் மொட்டை மாடிக்குப் போவார்கள். இவரும் போனார்.

சார் சொன்னது இதுதான். மனுஷ உடம்பில் முக்கால்வாசி தண்ணீர். தண்ணீர் என்பது ஜடம் இல்லை, அதற்குக் காது உண்டு, ஞாபகம் உண்டு. நல்ல வார்த்தை கேட்டால் மலரும், கெட்ட வார்த்தை கேட்டால் சுருங்கும். வியாதி என்று ஒன்று கிடையாது, உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் வருத்தப்படுகிறது, அவ்வளவுதான். மாத்திரை போட்டால் அந்தத் தண்ணீர் செவிடாகிவிடும். செவிட்டுத் தண்ணீருக்கு எத்தனை நல்ல வார்த்தை சொல்லி என்ன பிரயோஜனம்? ஆகவே மாத்திரையை நிறுத்து, சொம்பைக் கையில் எடு, நல்லது சொல்லு, வெறும் வயிற்றில் முழுச் சொம்பும் குடி.

முக்கால்வாசி தண்ணீர் என்று இவர் இறங்கி வந்து சொன்னதும் எனக்கு இடுப்பு வலித்தது. அந்த முக்கால்வாசியையும் தூக்கி வந்தவள் நான்தானே.

மறுநாளிலிருந்து வீட்டில் ஆராதனை நடந்தது. காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரர் சொம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நீ நல்லா இருக்கணும், உன்னாலதான் நான் இருக்கேன், உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன் என்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொல்லாத வார்த்தை ஒன்று பாக்கியில்லாமல் சொம்பிடம் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். காபி ஆறினால் மட்டும் என் பக்கம் திரும்புவார்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தண்ணீருக்குக் காது இருப்பது நிஜமானால், அது எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டதே? பம்படியில் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. குடத்தை ஒரு ஜாண் நகர்த்தி வைத்ததற்கு ஒருத்தி இன்னொருத்தியின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு நிறுத்துவாள். பம்பின் கைப்பிடியைத் தூக்கும்போது ஒரு வசவு, இறக்கும்போது ஒரு வசவு. அதையெல்லாம் குடித்து வளர்ந்த தெரு அது. ஆனால் மாடியில் போய் இதைக் கேட்க எனக்கு வாய் ஏது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த பெண்ணுக்கு வாய் இருந்தது. அவள்தான் மாடி சார் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்து வந்தாள். எனக்கு ரொம்ப இளையவள், என்னை அக்கா என்பாள். பம்பு வற்றி லாரித் தண்ணீர் தொடங்கியதும், சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுசாக ஒன்று கண்டுபிடித்தார். லாரித் தண்ணீர் தாம்பரம் ஜி.எஸ்.டி. மெயின் ரோட்டில் அத்தனை ஹாரனுக்கு நடுவில் குலுங்கி வருகிறது, அது பயந்துபோன தண்ணீர், அதைக் குடித்தால் பிரஷர் ஏறாமல் என்ன செய்யும் என்றார். மாடம்பாக்கம் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டக் கிணறு இருக்கிறதாம். சோழர் காலத்துக் கோயில், மணி ஓசையும் மந்திரமும் கேட்டு ஊறின தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைக்காவது அந்தத் தண்ணீர் வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். யார் கொண்டு வருவது என்பது விஞ்ஞானத்துக்குள் வரவில்லை. இவர் இறங்கி வந்து என்னிடம் குடத்தைக் காட்டினார்.

முதல் வாரம் நானும் பின்வீட்டுப் பெண்ணும் நடந்து போனோம். கிணற்றில் ராட்டினம் இல்லை, கயிறு கையை அறுத்தது. திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது அக்குறும்பு. தண்ணி பயந்துக்குதாம். நம்ம இடுப்பு பயந்துக்கினு கீதே, அத்த எவனாவது கேட்டானா?"

அடுத்த வாரமும் காலிக் குடத்தோடு கிளம்பினோம். கோயில் வரைக்கும் போனோம், கும்பிட்டோம், மதில் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தோம். அந்த மாதிரி நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகியிருந்தது. அவள் கிணற்றுப் பக்கம் போகவே விடவில்லை. திரும்பும் வழியில் இன்னொரு தெருவில் லாரி நின்றது. அங்கே ஒரே அடிதடி. லாரிக்காரன் பொம்பிளைகளைத் திட்ட, பொம்பிளைகள் லாரிக்காரனைத் திட்ட, ஒருத்தி குழாயைப் பிடுங்க, அந்தக் கலவரத்துக்குள் புகுந்து அவள் இரண்டு குடத்தையும் நிரப்பிக்கொண்டு வந்தாள். அவளும் தன் பங்குக்கு நாலு வார்த்தை விட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அந்தத் தண்ணீரைத்தான் மாடியில் சொம்பு சொம்பாக ஊற்றினேன். சார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இதில் ஒரு மௌனம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு மணி ஓசைகூடக் கேட்டதாம். படிக்கட்டில் நின்ற பின்வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினாள். அதற்கப்புறம் வாராவாரம் இதேதான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ரொம்ப நாள் சிரிக்க முடியவில்லை. மாத்திரையை நிறுத்தி, சொம்பு சொம்பாகத் தண்ணீரும் உள்ளே போனால் என்ன ஆகும்? கால் மறுபடியும் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். செருப்பு நுழையவில்லை, ஆபீசுக்கு ரப்பர் செருப்பில் போனார். மாடியில் காலைக் காட்டினாராம். சார் ரொம்ப சந்தோஷப்பட்டாராம். பழைய செவிட்டுத் தண்ணீரைப் புதுத் தண்ணீர் கீழே தள்ளுகிறது, வெளியே போவதற்காக அது காலில் வந்து நிற்கிறது, இது நல்ல அறிகுறி என்றாராம். வீக்கத்தை இவர் பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டு நடந்தார்.

அப்புறம் படுத்தால் மூச்சு வரவில்லை. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறார் என்று கூடப் போகிறவர்கள் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் ஆட்டோவில் கொண்டு வந்து விட்டார்கள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். டாக்டர் படித்தது பழைய விஞ்ஞானம் என்றார், அதையும் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று தவணையில் சொன்னார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு மாத்திரையும் அவர் தொண்டையில் இறங்க வேண்டும். தண்ணீருக்குக் காது இருந்தால் இருக்கட்டும், மூக்கு இருந்தாலும் இருக்கட்டும். இந்த மனுஷன் எனக்கு வேண்டும். பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

பொடி செய்து ரசத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு வாயிலேயே கசப்பைக் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டார். மணி ஓசை கேட்ட நாக்கு அல்லவா. அப்புறம் உண்மையைச் சொல்லிவிட்டால் தெளிவார் என்று நினைத்து, இத்தனை வாரமாக நீங்கள் மாடியில் குடித்தது லாரித் தண்ணீர், சண்டைத் தண்ணீர் என்று சொன்னேன். முகம் செத்துப் போயிற்று. எழுந்து நேராக மாடிக்குப் போனார். நான் வாசலில் நின்று கும்பிடாத தெய்வமில்லை. திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சார் என்ன சொன்னார் தெரியுமா? லாரித் தண்ணியே இப்படி மாறிடுச்சுன்னா, நம்ம வார்த்தைக்கு எவ்வளவு சக்தி இருக்கணும்னு கேக்கறார். உன்னாலதான் இது நிரூபணம் ஆச்சாம். உனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னார். ஆனா ஞாயித்துக்கிழமைக்குக் கோயில் தண்ணியே இருக்கட்டும்னார்."

இந்த மாதிரி விஞ்ஞானத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வீங்கினாலும் ஜெயம், வடிந்தாலும் ஜெயம், ஏமாந்தாலும் ஜெயம். பரீட்சையில் நான் அஞ்சாவதோடு நின்றவள். இவர்களுக்குப் பரீட்சையே கிடையாது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் பின்வீட்டுப் பெண் துவைக்கிற கல்லடியில் வந்து உட்கார்ந்தாள். இவர் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். சொன்னேன், சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, உங்கூட்டுக்காரு மாத்திரைய நிறுத்திட்டாரா? நிசமாவா?"

"சார் நிறுத்தச் சொன்னாரே."

"அந்தாளு தெனம் போட்டுக்கினு கீறாரேக்கா. அவுரு ஊட்டம்மா எடுத்துக் குடுக்குது, நான் பாத்துக்கினுதான் கீறேன். தண்ணில போட மாட்டாரு, மோருலதான் போடுவாரு. ஏன் சார்னு கேட்டேன். தண்ணிக்குத் தெரியக் கூடாதாம்."

நான் கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டேன். கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. அந்த ஆளைத் திட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இவரிடம் வந்து உங்கள் குரு திருட்டுத்தனமாக மாத்திரை போடுகிறார் என்று சொன்னால், மறுபடியும் மாடிக்குப் போவார், மறுபடியும் ஒரு வெளிச்சத்தோடு இறங்குவார். அதனால் அவரையே, இவர் காதில் விழும்படி, மரியாதையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது சுலபம். ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு மாடி ஏறினபோதுதான் கஷ்டம் தெரிந்தது. ஆம்பிளைகள் நடுவில் நான் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. எல்லாருக்கும் ஊற்றி முடித்தேன். வழக்கமாக உடனே இறங்கிவிடுவேன், அன்றைக்கு நின்றேன். சார் என்னம்மா என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். நீங்க மாத்திரைய மோர்ல போட்டுக்கறீங்களாமே. இவருக்கும் அதே மாதிரி குடுக்கலாம்னு இருக்கேன். மோர் கெட்டியா இருக்கணுமா, நீர்க்க இருக்கணுமா, அது மட்டும் தெரியல."

சொம்பெல்லாம் அந்தரத்தில் நின்றன. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறாரா, சாரைப் பார்க்கிறாரா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. சார் தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மோர்ங்கறது... மோர் வேற விஷயம்மா. அது தண்ணி கணக்குல வராது. அது ஆகாரம். ஆகாரத்தோட ஆகாரமா போயிட்டா, தண்ணிக்குத் தெரியாது."

"டாக்டர் தண்ணியக் கொஞ்சமாத்தான் குடிக்கச் சொன்னார் சார். சொம்பு நிறையப் போகுது."

"அளவா முக்கியம்? நல்ல வார்த்தை கேட்ட தண்ணி ஒரு வாய் போதுமே. நான் எப்பவும் அதத்தானே சொல்றேன்."

எப்போதும் அவர் அதைச் சொன்னதில்லை. நான் தலையை ஆட்டினேன். அதற்குள் பக்கத்தில் இருந்த இன்னொருத்தர், சர்க்கரை வியாதிக்காரர், தன் மாத்திரைக்கும் மோர் ஒத்துவருமா என்று கேட்டார். வேறொருத்தர் பால் ஆகாதா என்றார். விவாதம் ஆரம்பித்துவிட்டது. ஏமாற்றினாயே என்று யாராவது சாரைக் கேட்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் மாத்திரைக்கு ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. நான் காலிக் குடத்தோடு இறங்கி வந்தேன்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இவர் தானாகவே கேட்டார். "மோர் இருக்கா?" அவ்வளவுதான். உப்பில்லாத மோர் ஒரு சின்ன டம்ளரில், இரண்டு மாத்திரை. விழுங்கும்போது சொம்பு இருந்த பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரம் இல்லை அது.

மறுநாள் டாக்டரிடமும் வந்தார். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு நன்றாகத் திட்டினார், மாத்திரையின் அளவைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிக்கொடுத்தார். நான் மோர் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எதுல போட்டாலும் உள்ள போனா சரிம்மா, ஆனா அந்த மோரையும் தண்ணிக் கணக்குல சேத்துக்கோங்க என்றார். நல்லவேளை, அப்போது இவர் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கால் வடிந்தது. மூச்சு திரும்பியது. மேம்பாலத்தில் நிற்காமல் ஏறினார். தெருவில் அந்த மாதம் தயிருக்கு வந்த கிராக்கி அதற்கு முன் வந்ததில்லை. வீட்டுக்கு வீடு மோர் கடைகிற சத்தம். கடைந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாடம்பாக்கம் தண்ணீர் மட்டும் நின்றது. ஒரு வாய் போதும் என்று சாரே சொல்லிவிட்டதால் குடத்துக்கு வேலையில்லை. கோயில் மதில் நிழலும் அதோடு போயிற்று. பின்வீட்டுப் பெண்ணுக்கு அதில் வருத்தம்தான்.

என் வீட்டுக்காரர் அதற்கப்புறமும் நிறைய வருஷம் இருந்தார். பையன் கல்யாணத்தையும் பார்த்தார். போகிற கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் யாராவது உட்கார்ந்து கேட்டால் போதும், டாக்டர் கைவிட்ட தன்னைத் தண்ணீர் காப்பாற்றிய கதையைச் சொல்வார். மாத்திரை அந்தக் கதையில் வராது. மோர் ஓரமாக, உடம்புக்குக் குளிர்ச்சி என்று வரும். நான் வரவே மாட்டேன். பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்பேன். கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மறக்காமல் டம்ளரை நீட்டுவேன். அந்த டம்ளரில் தயிர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மருமகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் பிரஷர் உண்டு, அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறாளா என்று மட்டும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்லலாம் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

எழுதினதில் தப்பு இருக்கலாம். இருதயம் களைத்தது என்று டாக்டர் சொன்னதற்குச் சரியான பேர் வேறு ஏதோ உண்டு, எனக்கு வாயில் நுழையவில்லை. எல்லா மாத்திரையையும் மோரிலோ பாலிலோ போடலாமா என்பதும் எனக்குத் தெரியாது, நான் செய்தேன் என்று யாரும் செய்துவிட வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பம்பு வற்றினது இந்தித் தொடர் ஓடின வருஷம்தானா, அடுத்த வருஷமா என்றும் குழப்பமாக இருக்கிறது. பின்வீட்டுப் பெண் இப்போது ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளைப் பார்த்தால், இதை ஒரு தரம் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள். லாரியடியில் அவள் விட்ட நாலு வார்த்தை என்னென்ன என்றும் கேளுங்கள். அது எனக்கு மறந்துபோயிற்று.